எழுபத்தாறா, எழுபத்திரண்டா

நாச்சம்மாள் சாமான் அறைக் கதவைச் சாத்தி, அடியில் தெரிந்த வெளிச்சக் கீற்றையும் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்துவிட்டுப் போனபோது மணி ஏழு பத்து. இனி ஏழு நாற்பது வரைக்கும் சென்னியப்பன் இந்த இருட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டியூப் லைட்டில் பழகிய கண் மங்கல் நட்சத்திரத்துக்குத் தயாராக அரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் யாராவது ஒரு தீக்குச்சி கிழித்தால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நிலா இல்லாத, மேகம் இல்லாத சாயங்காலம் என்றால் பதினோரு வருஷமாக இதே முக்காலி, இதே மிளகாய் மூட்டை வாசனை. மற்ற நாட்களில் இந்த அரை மணி அவருக்குப் பிடித்தமானது, சில நாள் உட்கார்ந்தபடியே ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டுவிடுவார். இன்று கால் பெருவிரல் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தினால் கை விரல் ஆடுகிறது. ஆபரேஷன் ஆன வலது கண்ணால் இன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த நட்சத்திரத்தைப் பார்க்கப் போகிறார். பார்த்ததும் வாயில் ஒரு எண் வரும். எழுபத்திரண்டு என்று வந்தால் பிழைத்தார். எழுபத்தாறு என்று வந்தால், வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், மிளகாய் மூட்டையை நினைக்கலாம், போன மாசம் வாங்கினது, காரமே இல்லை என்று நாச்சம்மாள் குறைப்பட்டுக்கொண்டாள், எழுபத்தாறு என்று வந்தால் என்ன செய்வது.

எண் என்பது வெளிச்சத்தின் அளவுதான், பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்து ரேங்க் மாதிரி, எண் குறையக் குறைய ஆள் கெட்டிக்காரன், அதாவது வெளிச்சம் அதிகம். அமெரிக்காவில் இருக்கும் ஒரு நட்சத்திரம் பார்ப்போர் சங்கம் அனுப்பிய வரைபடத்தில் அவருடைய நட்சத்திரம் ஒரு சின்ன வட்டம். இரண்டு பக்கமும் வெளுத்த நீல நிறத்தில், வெளிச்சம் மாறாத இரண்டு நட்சத்திரங்கள், காவல்காரர்கள் மாதிரி, ஒருவர் எழுபது, இன்னொருவர் எழுபத்தெட்டு. நடுவில் இருப்பது இவர்களில் யாருக்கு எவ்வளவு பக்கம் என்று கண்ணால் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். நடுவில் இருப்பது ஆரஞ்சு நிறம், அதுதான் வில்லங்கம். சூரியனுடைய சூட்டில் முக்கால் பங்குகூட வராத கிழட்டு நட்சத்திரம், உடம்பு மட்டும் ஊதிப் பெருத்துப்போனது, வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வேறு வேறு நிறத்தில் இருக்கும் இரண்டு விளக்கில் எது பிரகாசம் என்று சொல்லச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் தடுமாறிப்போவார்கள். சென்னியப்பன் தடுமாற மாட்டார் என்பது சென்னியப்பனின் எண்ணம். மில்லில் சாயப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் ஷேட் பார்த்தவர். வடக்கு ஜன்னல் ஓரம் நின்று, சாம்பிள் துணியையும் சாயத்தில் முங்கி வந்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்று எண்ணுவதற்குள் தலையை ஆட்டுவார், மேலும் கீழுமா, இடமும் வலமுமா என்று மானேஜர் முதல் மாஸ்டர் வரைக்கும் அவர் தலையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூன்றுக்கு மேல் எண்ணக் கூடாது, பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சமாதானமாகிவிடும், எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆரஞ்சு நட்சத்திரத்துக்கும் அந்தச் சங்கத்தின் கையேட்டில் அதே சட்டம்தான் போட்டிருந்தது: உற்றுப் பார்க்காதே, பார்க்கப் பார்க்க ஊதும், ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை எடு. அந்த வரியைப் படித்த அன்றைக்கே, இது நம்ம வேலை என்று ஊட்டியில் ஒரு எஸ்டேட் பங்களா ஏலத்துக்குப் போய் மூன்றங்குலத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மனிதருக்குப் பணத்தில் கர்வம் கிடையாது, பிள்ளைகளைப் பற்றிக்கூடப் பீற்றிக்கொள்ள மாட்டார், ஆனால் கண் என்று வந்துவிட்டால் மட்டும் தரையில் கால் பாவாது.

அந்தக் கண்தான். பிப்ரவரியில் கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது எதிரே நாச்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள், நல்ல நீலத்தில் ஒரு சேலை. எப்ப எடுத்தே இதை என்று கேட்டார். அவள் சிரித்தாள். “இது எடுத்து நாலு வருசமாச்சுங்க. நீங்கதான் பச்சைச் சேலை, பச்சைச் சேலைன்னு சொல்லீட்டிருந்தீங்க. வயசான மனுசன்கிட்ட என்ன வாதாடறதுன்னு உட்டுட்டேன்.” அவரும் சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்து, உள்ளே இருந்த லென்ஸ் பழுத்து மஞ்சளாகிப் போயிருந்தது ஐயா, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டே திரிந்திருக்கிறீர்கள், நீலமே உள்ளே வந்திருக்காது, பத்து வருஷத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கும், அதனால் உங்களுக்கே தெரிந்திருக்காது என்றாள். பஸ்ஸில் கிணத்துக்கடவு தாண்டும் வரைக்கும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வானத்தை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு வந்தார், இவ்வளவு நீலமா இது, இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கினபோதுதான் அது உறைத்தது. காவல்காரர்கள் இரண்டு பேரும் நீலம். நடுவில் இருப்பது ஆரஞ்சு. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீலம் மங்கும், ஆரஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. காவல்காரர்கள் மங்கினால் நடுவில் இருப்பது பிரகாசமாகிக்கொண்டு போவதுபோலத் தெரியும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக. டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார். ஏனுங்க, சக்கரை பத்தலீங்களா என்று அவள் கேட்டது காதில் விழுந்தது.

ஏழு வாரமாயிற்று, ஒருத்தரிடமும் சொல்லவில்லை. முதல் ஆறு வாரம் தொலைநோக்கிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஏழாவது வாரம் மேகம் காப்பாற்றியது. இன்று வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கிறது, நிலா பத்து மணிக்கு மேல்தான், தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் இன்று சனிக்கிழமை. பெங்களூரிலிருந்து, வானியல் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் சௌதாமினி எழுதியிருந்தார்: நம் நட்சத்திரத்தைப் பற்றிய கட்டுரை தயார், திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன், உங்களுடைய கடைசி அளவு ஒன்று வேண்டும், திருத்தம் ஏதாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணுங்கள். கட்டுரைக்கு மேலே இரண்டு பெயர், அந்த அம்மாளுடையதுக்குக் கீழே அதே அளவு எழுத்தில், வி. சென்னியப்பன், உடுமலைப்பேட்டை. இந்த நட்சத்திரத்தை உலகத்திலேயே வேறு யாரும் விடாமல் பார்க்கவில்லை, மங்கல் சரக்கு, யாருக்கு வேண்டும், அவர் ஒருத்தர்தான் பதினோரு வருஷம், எழுநூற்றுச் சொச்சம் சாயங்காலம். இந்த வயசு நட்சத்திரம் உள்ளுக்குள் புரண்டு படுத்து வெளிச்சம் கூடுகிற சமயத்தை இதுவரை யாரும் கையும் களவுமாகப் பிடித்ததில்லை, நீங்கள் பிடித்திருக்கிறீர்கள் சார் என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள், கூடவே வரைபடம், எழுநூறு புள்ளியும் இடமிருந்து வலமாகச் சாய்வாக ஏறிப் போகிறது. எழுபத்தாறில் ஆரம்பித்து எழுபத்திரண்டில் நிற்கிறது. அதை எத்தனை தடவை மடித்துப் பிரித்தாரோ, மடிப்பில் கிழிந்தேவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடைக் கூட்டத்துக்குக் காட்டினார், மருமகனுக்குக் காட்டினார், அவன் எதைக் காட்டினாலும் அப்படீங்களா மாமா என்பவன், இதற்கு மட்டும் எழுந்து நின்றான். செவ்வாய்க்கிழமை பேப்பரிலிருந்து ஆள் வருகிறான், தொலைநோக்கியோடு போட்டோ எடுக்க. அதற்கு நாச்சம்மாள் மாடியைக் கழுவி வேறு விட்டிருக்கிறாள். அறுபத்தேழு வயசில் ஒரு மனிதனுக்கு ஒரு பெயர் வருகிறது, அது வந்த வழியே திரும்பிப் போக வேண்டுமா. போன வாரம் எஸ்டிடி பூத் போனில் அந்த அம்மாள், என்ன சார் ரெண்டு மாசமா அளவே அனுப்பவில்லை என்று கேட்டபோது, காய்ச்சல் என்றார். ஏன் அப்படிச் சொன்னார். ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் சொன்னார். பொய் வாயிலிருந்து வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது, அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

வேர்வை நெற்றியிலிருந்து இறங்கிப் புருவத்தில் நிற்கிறது. துடைக்கலாமா, கண்ணில் கை படக் கூடாது, துண்டால் ஒற்றி எடுத்தார். எத்தனை மணி ஆகியிருக்கும். நட்சத்திரம் நிஜமாகவே பிரகாசமாகியிருக்கக் கூடாது என்று யார் சொன்னது. கண் பழுத்தது ஒரு பக்கம், நட்சத்திரம் மாறினது ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம், உலகத்தில் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடப்பதில்லையா. அப்படியானால் எழுபத்துமூன்று வரும். எழுபத்துமூன்று வந்தால் போதும், எழுபத்துநான்குகூடப் பரவாயில்லை, அந்த அம்மாளிடம் சொல்லிச் சரிக்கட்டிவிடலாம். பேரம் பேசுகிறார் பாருங்கள், கத்திரிக்காய்க் கடையில் நிற்பதுபோல. மில்லில் ஒரு தடவை மானேஜர் கெஞ்சினார், கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் சென்னியப்பன், ஏற்றுமதிச் சரக்கு, லாரி நிற்கிறது என்று. கண்ணை மூடினால் நான் எதற்குச் சார் இங்கே என்று கேட்டவர் இவர். அந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு உடுமலையில் கிடையாது. கையேட்டில் ஒரு வரி இருந்ததே, வயதான பார்வையாளர்கள் தங்கள் கண்ணின் நிலையையும் அவ்வப்போது குறித்து வைக்க வேண்டும் என்று, பதினேழாம் பக்கமோ பதினெட்டோ, அதைப் படித்தபோது இவருக்கு ஐம்பத்தாறு வயசு, இது வயதானவர்களுக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். அந்த ஒரு வரி. இன்றைக்கு இடது கண்ணாலேயே பார்த்துவிட்டால் என்ன. அது இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை, பழைய மஞ்சள் கண், எழுபத்திரண்டு என்றுதான் சொல்லும், சொல்வதும் பொய்யில்லை, கண்ணால் பார்த்தது. எந்தக் கண் என்று கட்டுரையில் யாரும் கேட்கப் போவதில்லை. அடுத்த மாசம் இடது கண்ணும் ஆபரேஷன் ஆகிவிடும், அப்புறம் சாட்சியே கிடையாது. இந்த யோசனை வந்ததும் உடம்பு லேசானது. லேசானதை உணர்ந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வந்தாலும் யோசனை போகவில்லை, மூட்டைப் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தது.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. “ஏனுங்க, நேரமாச்சுங்க. கண்ண மூடிக்குங்க.” மூடிக்கொண்டார். அவள் துண்டால் கண்ணைச் சுற்றிக் கட்டி, கையைப் பிடித்து, பதினெட்டுப் படியும் எண்ணி எண்ணி ஏற்றிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டு மாடி விளக்கை அணைக்கச் சொல்லியாயிற்றா என்று கேட்டார், சொல்லியாச்சுங்க என்றாள். அவள் கையில் நோட்டுப் புத்தகம் உரசுவது கேட்டது. எழுதுவது அவள் வேலை, சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சை நோட்டுக்குள் வைத்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுவாள். போன தடவை என்ன எண் என்று அவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் கண் அதற்கு ஏற்றபடி ஆடும். அதனால் எண்ணைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது என்பது முதல் நாளே போட்ட சட்டம். பதினோரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட மீறியதில்லை, மாதா மாதம் கவரில் போட்டுத் தபாலில் சேர்ப்பதும் அவள்தான். சாய்வாக ஏறுகிறது என்பதே பெங்களூர் வரைபடம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

துண்டை அவிழ்த்தார். தெற்கே நீர்ப்பாம்பு என்கிற நட்சத்திரக் கூட்டம் நீளமாகக் கிடந்தது. தொலைநோக்கியைத் திருப்பினார், இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாவது தடவைதான் இடம் பிடிபட்டது. இடது கண்ணை வைத்தார். எதற்கு இடதை வைத்தார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. இருந்தது, அவருடைய ஆரஞ்சு, பீடி முனைக் கங்கு மாதிரி, இரண்டு காவல்காரர்களும் சோர்ந்து நிற்க நடுவில் தெம்பாக. எழுபத்திரண்டு. சந்தேகமே இல்லாத எழுபத்திரண்டு. சொல்லிவிடு, சொல்லிவிட்டுக் கீழே போய்ச் சாப்பிடு. உதடு அசைந்தது. அவள் காத்திருந்தாள், பேனா மூடியைத் திறந்த சத்தம் கேட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு வலது கண்ணை வைத்தார்.

முதலில் பார்த்தது அவர் நட்சத்திரத்தை அல்ல, காவல்காரர்களைத்தான், அவர்கள்தான் பளிச்சென்று எழுந்து நின்றார்கள், வெள்ளி ஊசி முனை இரண்டு, எழுபது அவ்வளவு நீலமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நடுவில் அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு மங்கல் ஆரஞ்சு. எழுபத்தெட்டுக்குப் பக்கத்தில். கண்ணை எடுத்தார். மறுபடி வைத்தார். அதேதான். மூன்று எண்ணியாகிவிட்டது, எடுக்க வேண்டும், எடுக்கவில்லை, உற்றுப் பார்த்தார், நான்கு, ஐந்து, ஆறு, பார்க்கப் பார்க்க அது ஊதத் தொடங்கியது, சட்டம் சொன்னபடியே, ஊதி ஊதி எழுபத்தைந்துக்கு வந்தது, எழுபத்துநான்குக்கு வந்துவிடும் போலிருந்தது, இன்னும் கொஞ்சம் நேரம் இப்படியே பார்த்தால் வேண்டிய எண்ணைக் கொடுத்துவிடும், கேட்டால் கொடுக்கிற நல்ல நட்சத்திரம் அது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவருக்கு அந்த நட்சத்திரத்தின் மேல் இரக்கமாக இருந்தது, அறுநூறு வருஷம் பயணப்பட்டு வந்த வெளிச்சத்தை இந்த மாடியில் ஒரு கிழவன் பிடித்து வைத்துப் பொய் சாட்சி சொல்லச் சொல்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருட்டைப் பார்த்து நின்றார், மூச்சு ஒரு நிதானத்துக்கு வரும் வரைக்கும். பிறகு ஒரே ஒரு பார்வை, முறைப்படி, மூன்று எண்ணி எடுத்துவிட்டார்.

“எழுபத்தாறு” என்றார்.

பேனா ஓடவில்லை. பதினோரு வருஷத்தில் எண்ணைச் சொன்னதும் பேனா ஓடாத நாள் இல்லை. “இன்னொருக்காப் பாத்துச் சொல்றீங்களா” என்றாள் நாச்சம்மாள், முதுகைத் திருப்பாமலே.

“பாத்தாச்சு புள்ள. வலது கண்ணு, எழுபத்தாறு. அதுக்குப் பக்கத்துலயே எழுது, இடது கண்ணு, எழுபத்திரண்டு. எந்தக் கண்ணுன்னு ரெண்டுக்கும் தெளிவாப் போடு.”

அவள் எழுதினாள். எழுதி முடித்தும் தலையைத் தூக்கவில்லை. “எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துதுங்க” என்றாள். “எண்ணு எறங்க எறங்க நீங்களும் நீலத்தப் பச்சைங்கறீங்க, படியில தடுமார்றீங்க. ரெண்டுக்கும் என்னமோ சம்பந்தம் இருக்குமோன்னு நெனச்சேன். எண்ணைப் பத்தி வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க சட்டம் போட்டீங்க.”

அவருக்குக் கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார், வரவில்லை. சட்டம் சரியான சட்டம், அவளும் சரியாகத்தான் நடந்திருக்கிறாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளருகே தரையில் உட்கார்ந்து, முதல் முறையாக அந்த நோட்டை வாங்கிச் சிவப்பு வெளிச்சத்தில் ஆரம்பத்திலிருந்து புரட்டினார். அவளுடைய குண்டுக் கையெழுத்தில் எழுபத்தாறு, எழுபத்தாறு, ஒரு வருஷம் கழித்து எழுபத்தைந்து, மகள் கல்யாணம் நடந்த வருஷம் எழுபத்துநான்கு, இடையில் ஒரு நாள்கூடத் தவறான குதிப்பு இல்லை, ஒழுங்கு தப்பவில்லை, எத்தனை நேர்த்தியான அளவு, யாரும் இப்படி அளந்திருக்க மாட்டார்கள். வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

“அப்பொ நட்சத்திரம் மாறவே இல்லீங்களா?”

“இல்ல. அது அப்படியேதான் இருக்குது.”

“அப்பொ இத்தன வருசமா நாம எதைத்தானுங்க அளந்தோம்?”

“என்ற கண்ண” என்றார் சென்னியப்பன்.

நாச்சம்மாள் நோட்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்று போட்ட இடத்தில், பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “இதையும் எழுதிரட்டுங்களா?”

“எழுது” என்றார். “எழுதீட்டு செருப்பப் போடு. எஸ்டிடி பூத் ஒம்பது மணிக்கு மூடீருவான், அந்தப் பெங்களூர் அம்மாகிட்டச் சொல்லோணும்.”